கிராஃபைட்டின் அடர்த்தியைக் கூட்டினால் அணு உலைக்கு நல்லதா?

யாழினி எழுதியது:

வணக்கம். முதுநிலை ஆய்வு தொடங்கப்போகிறேன். தலைப்பு, உயர்வெப்ப அணு உலைக்கான மேம்பட்ட கிராஃபைட். தொடங்குவதற்கு முன்பே ஒரு குழப்பம்.

கிராஃபைட் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.26 கிராம். ஆனால் அணு உலைத் தரம் என்று விற்கப்படும் கிராஃபைட் எதை எடுத்தாலும் 1.7 முதல் 1.9 வரைதான் இருக்கிறது. அதாவது கட்டியின் பருமனில் ஆறில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை வெறும் துளை. மூலக் கரியான கோக்கை மிக நுண்மையாக அரைத்து, கிராஃபீன் தூள் சேர்த்து, அதைப் பிணைக்கும் தாரான பிட்சைத் திரும்பத் திரும்ப ஊட்டி 2.0ஐத் தாண்ட வேண்டும் என்பது என் திட்டம். துளை குறைந்தால் வலிமை கூடும், வெப்பம் நன்றாகக் கடக்கும், அதே இடத்தில் நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கும் அணுக்களும் அதிகமாக இருக்கும். எல்லாம் லாபம் என்றுதான் நினைத்தேன்.

வழிகாட்டி ஒப்புக்கொண்டார். ஆனால் துறைக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "துளையே இல்லாத கிராஃபைட்டை உலைக்குள் வைத்தால் அது உடைந்துதான் வெளியே வரும்" என்று சொன்னதோடு எழுந்து போய்விட்டார். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. இன்னொரு சிக்கல்: எங்களிடம் ஆய்வு உலை கிடையாது. நியூட்ரான் படாமல் இந்தத் துறையில் பயனுள்ளதாக எதையாவது அளக்க முடியுமா?

சூளைக்காரர் எழுதியது:

அந்த மூத்தவர் சொன்னது சரி. விளக்காமல் எழுந்து போனதுதான் தவறு.

என்னைப் பற்றி ஒரு வரி: கார்பன் தொழிற்சாலை ஒன்றில் பணிக்காலம் முழுவதும் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். கட்டிகள் சூளையிலிருந்து வெளியே வந்ததும் முதலில் தட்டிப் பார்ப்பவன் நான்தான். நல்ல கட்டி கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சப்பென்று அடங்கிவிடும். கருவிகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது உங்கள் 2.26க்கு வருவோம். கிராஃபைட் படிகம் அடுக்கடுக்கான தாள்கள். தாளுக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் இடையே 0.142 நானோமீட்டர், பிடிப்பு மிக வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர், பிடிப்பு நொய்மையானது. வேகமான நியூட்ரான் ஓர் அணுவை இடித்துத் தள்ளினால் அது இரண்டு தாள்களுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்கிறது. அப்படிச் செருகியவை கூட்டம் சேரச் சேரப் படிகம் தாள்களுக்குக் குறுக்கே வீங்குகிறது, தாள் போகும் திசையில் சுருங்குகிறது. துளையே இல்லாத படிகத்தில் அந்த வீக்கத்துக்குப் போக்கிடம் கிடையாது. பக்கத்துப் படிகத்தை நெட்டித் தள்ளும், பிளக்கும்.

நாம் செய்யும் கட்டியில் போக்கிடம் இருக்கிறது. 2,800 டிகிரி செல்சியசுக்கு மேல் கிராஃபைட்டாக்கிவிட்டு ஆறவிடும்போது, படிகம் தாள்களுக்குக் குறுக்கே வெகுவாகச் சுருங்குகிறது, தாளின் திசையில் கிட்டத்தட்ட அசைவதேயில்லை. இந்தப் பொருத்தமின்மையால் தாள்களுக்கு இணையாக மெல்லிய கீற்றுகள் விழுகின்றன. மிரோசோவ்ஸ்கி விரிசல் என்பார்கள். சாதாரண நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். உலைக்குள் படிகம் வீங்கும்போது முதலில் இந்தக் கீற்றுகளைத்தான் நிரப்புகிறது. ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் கட்டி வீங்காமல் சுருங்குகிறது! தாளின் திசைச் சுருக்கம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. கீற்றுகள் எல்லாம் அடைபட்ட பிறகு திருப்பம் வருகிறது: சுருக்கம் நின்று, கட்டி ஊதத் தொடங்குகிறது. புதிய துளைகள் பிறக்கின்றன, கொஞ்ச காலம் கூடியிருந்த வலிமை இறங்குகிறது. ஒரு கட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தத் திருப்பம் எப்போது வருகிறது என்பதுதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். உலை எவ்வளவு சூடாக ஓடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் திருப்பம் வரும். சூட்டிலேயே படிகம் விரிந்து கீற்றின் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. நியூட்ரானுக்கு மிச்சமிருப்பது குறைவு.

அதனால் உங்கள் கேள்வி "எவ்வளவு துளை" என்பதிலிருந்து "எந்தத் துளை" என்பதற்கு மாற வேண்டும். கட்டிக்குள் மூன்று வகையாவது இருக்கின்றன. பிட்ச் சூளையில் வெந்து வாயுவாக வெளியேறும்போது விட்டுப்போகும் பெரிய குமிழ்த் துளைகள். கோக் குருணைக்குள்ளேயே ஓடும் வெடிப்புகள். பிறகு நான் சொன்ன கீற்றுகள். பிட்ச் ஊட்டினால் முதல் வகை குறையும், அது நல்லதுதான். ஊட்டிய பிட்ச் மூன்றாம் வகைக்குள் பெரும்பாலும் போகாது, போகவும் வேண்டாம். 1.75லிருந்து 1.85க்கு முதல் வகையைக் குறைத்து வந்தீர்களானால் கை தட்டுவேன். கீற்றே விழாத பொருளைச் செய்து 2.0 என்று காட்டினால் அந்த மூத்தவர் பக்கம் சேர்ந்துகொள்வேன்.

கிராஃபீன் தூளைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. அது தகடு. அச்சில் அழுத்தும்போது தகடுகள் ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும். அப்புறம் கட்டி ஒரு திசையில் ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் நடக்கும். எஃகு உருக்கும் மின்முனைகளுக்கு ஊசிக் கோக் அருமையானது, அணு உலைக்கு ஆகாது; காரணம் இதே படுக்கைதான். அணு உலைக் கிராஃபைட்டில் வெப்ப விரிவை இரண்டு திசையிலும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். 1.10க்குள் இருந்தால்தான் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்று ஏற்பார்கள், 1.15 வரை ஏறக்குறைய அப்படி. தண்ணீருக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக அழுத்தி அச்சு வார்ப்பதெல்லாம் இந்த விகிதத்துக்காகத்தான்.

அடுத்து தூய்மை, அதாவது நியூட்ரானை விழுங்கும் மாசு இல்லாதிருப்பது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நியூட்ரானை விழுங்கும் திறன் கார்பன் அணுவுக்கு 0.0035 பார்ன், இயற்கைப் போரானுக்கு ஏறத்தாழ 760 பார்ன். எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போரான் கலந்தாலே, கார்பன் முழுவதும் சேர்ந்து விழுங்குவதில் கால் பங்கு அளவுக்குக் கூடுதலாக விழுங்கிவிடும். 1941இல் ஜெர்மனியில் வால்ட்டர் போத்தே அளந்தபோது கிராஃபைட் உதவாது என்ற முடிவு வந்தது, அவர்கள் கனநீர் பக்கம் போனார்கள். அளந்த கிராஃபைட்டில் இருந்த மாசே காரணம் என்பது பரவலான கருத்து. அமெரிக்காவில் லியோ சிலார்டு போரானைச் சந்தேகித்துத் தயாரிப்பாளர்களை விடாமல் நச்சரித்தார். 1942 டிசம்பர் 2 அன்று சிக்காகோவில் ஃபெர்மி கிராஃபைட்டை அடுக்கிக் கட்டிய முதல் அணு உலை இயங்கியதில் அந்த நச்சரிப்புக்கும் பங்கு உண்டு. கடையில் வாங்கும் கிராஃபீன் தூளில் போரான் எவ்வளவு என்று சான்றிதழில் தேடிப் பாருங்கள். அந்த வரியே இருக்காது.

நுண்மையாக அரைப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. குருணை சிறுத்தால் வலிமை கூடும், உண்மை. ஆனால் பிட்ச் வேகும்போது வாயு வெளியேற வழியும் சிறுத்துவிடும். சூட்டை அவசரமாக ஏற்றினால் கட்டி நடுவில் பிளக்கும். நான் சொன்ன சப்பென்ற சத்தம் அங்கேதான் கேட்கும். நுண்குருணைக் கட்டியைப் பெரிதாகச் செய்வது அதனால்தான் கடினம். பெருங்குருணையில் வலிமை சற்றுக் குறைந்தாலும் ஓடும் விரிசல் குருணைகளைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது, சட்டென்று அறுந்துவிடாது. ஜப்பானின் ஐஜி-110 என்ற கிராஃபைட் வகை நுண்குருணை, சுமார் 20 மைக்ரான். ஜெர்மனியின் என்பிஜி-18இல் குருணை 1.6 மில்லிமீட்டர் வரை போகும். இரண்டையுமே உயர்வெப்ப உலைக்கென்று எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

உலை இல்லாமல் என்ன செய்வது என்றால், சூட்டில் பொருள் எவ்வளவு விரிகிறது என்று அளக்கும் டைலடோமீட்டர் ஒன்று இருந்தால் போதும். படிகத்தின் வெப்ப விரிவு தாள்களுக்குக் குறுக்கே ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 27 பங்கு அளவில் இருக்கிறது, தாளின் திசையில் ஏறத்தாழ சுழியம், சற்றுக் கீழேகூட. மூன்று திசைக்கும் சராசரி எடுத்தால் 8க்கு மேல் வர வேண்டும். கட்டியை அளந்தால் 4, 5 என்றுதான் வருகிறது. மிச்சம் எங்கே போனது? கீற்றுகள் வாங்கிக்கொண்டன. நியூட்ரான் வீக்கத்தை வாங்கப்போவதும் அதே கீற்றுகள்தான். வேறு வேறு செய்முறையில் கட்டி செய்து, இந்த எண் அறை வெப்பத்திலிருந்து 1,000 டிகிரி வரை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். அடர்த்தி அட்டவணையைவிட இது நூறு மடங்கு பேசும்.

உருகுப்பு எழுதியது:

சூளைக்காரர் சொல்வது ஹீலியம் வாயு குளிர்விக்கும் உயர்வெப்ப உலைக்குச் சரி. எங்கள் பக்கம் நிலைமை வேறு என்பதைக் கேள்வி கேட்டவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

உருகிய ஃபுளோரைடு உப்பு ஓடும் உலையில் கிராஃபைட் நேராக உப்பில் நிற்கிறது. எரிபொருள் உப்பிலேயே கரைந்திருந்தால், அது துளைக்குள் புகுந்து அங்கேயே பிளவுறத் தொடங்கும். அந்த இடம் தனியாகச் சூடேறும், சேதமும் கூடும். உப்பு கிராஃபைட்டை நனைப்பதில்லை என்பதுதான் எங்களைக் காப்பாற்றுகிறது. துளையின் வாய் ஒரு மைக்ரான் என்றால் உப்பை உள்ளே தள்ளப் பல வளிமண்டல அழுத்தம் வேண்டும். பத்து மைக்ரான் என்றால் ஒரு வளிமண்டலம்கூட வேண்டியதில்லை. ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகுப்புச் சோதனை உலைக்கு இதற்காகவே துளை நுண்ணிய கிராஃபைட்டைத் தனியாகச் செய்தார்கள்.

உப்பைத் தடுத்தாலும் பிளவில் பிறக்கும் செனான் வாயு இருக்கிறது. செனான்-135 நியூட்ரானை விழுங்குவதில் போரானையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வாயுவுக்கு ஒரு மைக்ரான் துளை அகலமான வாசல். மேற்பரப்பில் வெப்பச்சிதைவுக் கார்பனை (சூட்டில் வாயு சிதைந்து படியும் கார்பன்) பூசி அடைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சில் பூச்சுக்கும் அடியிலுள்ள கிராஃபைட்டுக்கும் சுருக்கம் ஒத்துப்போகாமல் அடைப்பு விட்டுப்போனது. இன்றுவரை அது திறந்த கேள்விதான்.

ஆகவே துளையைக் குறைக்காதே என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. எங்களுக்கு நுண்குருணையும் வேண்டும், சிறிய துளை வாயும் வேண்டும்.

சூளைக்காரர் எழுதியது:

பொதுவாகச் சொல்லவில்லை, எந்தத் துளை என்று கேட்கத்தான் சொன்னேன். உங்களுக்குக் குறைய வேண்டியது வெளியே திறக்கும் துளையின் வாய். எனக்கு மிஞ்ச வேண்டியது படிகத்துக்குள் இருக்கும் கீற்று. இரண்டும் ஒரே கட்டியில் இருக்க முடியும். அப்படிச் செய்துகாட்டினால் அதுதான் யாழினியின் ஆய்வேடு. செனான் கணக்கை நீங்கள் எழுதியது நல்லது, எனக்கு அது கைவரவில்லை.

கற்றச்சன் எழுதியது:

கார்பன் டைஆக்சைடு குளிர்விக்கும் உலைகளின் கிராஃபைட் கற்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். மூன்றாவது கதை ஒன்று இருக்கிறது.

பிரிட்டனின் மேம்பட்ட வாயுக் குளிர்விப்பு உலைகளில் துளைக்குள் இருக்கும் கார்பன் டைஆக்சைடு காமா கதிர் பட்டு வினைவேகம் பெற்று, கல்லை உள்ளேயிருந்தே அரிக்கிறது. சூட்டால் எரிவது வேறு, இது வேறு. வெளியே பார்த்தால் கல் அப்படியே இருக்கும், எடை மட்டும் குறைந்திருக்கும். அரிப்பை அடக்க வாயுவில் மீத்தேன் கலக்கிறார்கள். அந்த மீத்தேன் கல்லின் உட்புறம் வரை போய்ச் சேரவும் துளை வேண்டும்! சில கற்களில் மீத்தேன் நுழைவதற்கென்றே கூடுதல் துளை இட்டிருக்கிறார்கள்.

திருப்பத்தைப் பற்றிச் சொன்னார்களே, அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். கல்லின் உட்சுவர் எரிபொருளுக்கு அருகில் இருப்பதால் அதற்குத் திருப்பம் முதலில் வருகிறது. அது ஊதத் தொடங்கும்போது வெளிச்சுவர் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் இழுபடும். அங்கே பக்கத்துக் கல்லோடு பூட்டுவதற்கான சாவிப் பள்ளம் வெட்டியிருக்கிறது. அதன் மூலையில் விரிசல் பிறந்து கல்லின் உயரம் முழுவதும் ஓடுகிறது. ஸ்காட்லாந்தின் ஹன்டர்ஸ்டன் பி நிலையத்தில் மூன்றாம் உலையை 2018இல் இதை ஆராய நிறுத்தினார்கள், 2020இல்தான் திரும்ப ஓட அனுமதி கிடைத்தது. 2022 ஜனவரியில் நிலையமே மூடியது.

யாழினிக்கு நான் சொல்வது: விரிசலைத் தள்ளிப்போட இன்னொரு துணை இருக்கிறது. கதிர்வீச்சில் கிராஃபைட் அழுத்தத்துக்கு மெல்ல நெகிழ்ந்துகொடுக்கும், க்ரீப் என்பார்கள். அது இல்லையென்றால் இந்தக் கற்கள் எப்போதோ வெடித்திருக்கும். அமெரிக்காவின் ஐடஹோ ஆய்வகம் ஒரு சோதனைத் தொடரையே இதற்கென்று நடத்தியிருக்கிறது. உங்கள் டைலடோமீட்டர் இதைச் சொல்லாது.

யாழினி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிராஃபீனைக் கைவிட்டுவிட்டேன். டைலடோமீட்டர் எங்கள் துறையிலேயே இருக்கிறது, 1,000 டிகிரி வரை போகும்.

இன்னும் இரண்டு கேள்விகள். மாதிரித் துண்டு எந்த அளவில் இருக்க வேண்டும்? தூய்மைக்காகக் கடைசியில் குளோரின் வாயுவில் சுடுவதாகப் படித்தேன், அதை என் சிறிய சூளையில் செய்யலாமா?

சூளைக்காரர் எழுதியது:

குளோரினைத் தொடாதீர்கள். உங்கள் கேள்வி விரிவைப் பற்றியது, அதற்கு அந்தத் தூய்மை வேண்டியதில்லை. மற்றபடி செய்முறை உண்மைதான்: மிகுந்த சூட்டில் குளோரின் போன்ற வாயுவைச் செலுத்தினால் போரானும் உலோக மாசுகளும் ஆவியாகும் சேர்மங்களாகி வெளியேறிவிடும். ஆனால் எஞ்சும் துளிக் குளோரின் உலைக்குள் குளோரின்-36 ஆகிறது, அரை ஆயுள் சுமார் மூன்று லட்சம் ஆண்டு. துளையில் தங்கும் நைட்ரஜனிலிருந்து கார்பன்-14 பிறக்கிறது, அரை ஆயுள் 5,730 ஆண்டு. உலகம் முழுவதும் ஓடி முடித்த கிராஃபைட் இரண்டரை லட்சம் டன் அளவில் கிடக்கிறது. அதை எங்கே வைப்பது என்பதில் தலைவலி கொடுப்பவை இந்த இரண்டும்தான். மேம்பட்ட கிராஃபைட் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும், பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

மாதிரி அளவு: ஐடஹோவில் உலைக்குள் வைத்த மாதிரித் துண்டுகளின் விட்டமே 12.7 மில்லிமீட்டர்தான். என்பிஜி-18இல் அது குறுக்கே எட்டு பெருங்குருணைக்குத்தான் இடம். அதற்கும் கீழே இறங்கினால் கட்டியை அளக்கிறீர்களா, ஒரு குருணையை அளக்கிறீர்களா என்றே தெரியாது. உங்கள் குருணை நுண்மையானது என்பதால் 6 மில்லிமீட்டர் தடிமன் தாராளம்.

யாரோ கொடுத்த சில்லைக் கொண்டு ஆரம்பிக்காதீர்கள். முழுக் கட்டியை வாங்கி, அழுத்திய திசையை அறுப்பதற்கு முன்பே கட்டியின் மேல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். ஒரே கட்டிக்குள் அடர்த்தி மாறும். எண்ணெயோ குளிர்விப்பு நீரோ படாமல் உலர்வாக அறுக்க வேண்டும், துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். தூசு மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்திலிருக்கும் மின் பெட்டிகளை மூடிவிட்டு அறுங்கள்.

கோக் எங்கிருந்து வந்தது என்பதைச் சாக்கு எண் வரை எழுதி வையுங்கள். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் எச்-451 என்ற வகைக்கு மலைபோல் கதிர்வீச்சுத் தரவு சேர்த்தார்கள். இன்று அந்த வகையைச் செய்வார் இல்லை. கற்றச்சன் சொன்ன பிரிட்டனின் வாயு உலைகள் கில்சோகார்பன் என்ற கிராஃபைட்டில் நிற்கின்றன. அது ஒரு குறிப்பிட்ட இயற்கை நிலக்கீலிலிருந்து வந்த கோக். மூலப்பொருள் போனால் வகை போச்சு, தரவை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். ஒரு கட்டி தூள் நிலையிலிருந்து கிராஃபைட்டாக வெளியே வரவே பல மாதம் ஆகும், அதன் பிறகு உலைக்குள் ஆண்டுக்கணக்கு. புதிய வகை ஒன்று எழுந்து நிற்பதற்குள் கோக் விற்றவன் கடையை மூடிவிடலாம். உங்கள் செய்முறை இரண்டு வேறு கோக்கில் ஒரே விரிவைக் கொடுத்தால், அதை 2.0 அடர்த்தியைவிடப் பெரிய செய்தியாக நான் எடுத்துக்கொள்வேன்.

கற்றச்சன் சொன்ன க்ரீப் பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். விரிவை மட்டும் வைத்து ஆயுளைக் கணித்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், தேர்வாளர் கிழித்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. ஊசிக் கோக்கில் செய்த கட்டியை ஒரு திசையில் மட்டும் அளந்தால் விரிவு மிகக் குறைவாக வரும். கீற்று நிறைய இருப்பதுபோல் தோன்றும். அது கீற்று அல்ல, தாள்கள் படுத்திருக்கும் திசை. அதனால் அளவீடுகள் வந்ததும் இரண்டு திசைக்கும் தனித்தனிப் பத்தியாக இங்கே போடுங்கள். சராசரியை மட்டும் போட்டால் நான் படிக்கமாட்டேன்.